நீ கூட்டிவந்த வேலைக்காரி

அன்புள்ள மகனுக்கு,

உன் சுகத்தை இந்த முறை நான் விசாரிக்கப் போவதில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நெஞ்சில் சளி இல்லை, மூச்சு நன்றாகப் போய்வருகிறது என்று தெரிந்துகொண்டேன். என் இடுப்பு எப்படி என்று நீயும் கேட்கவில்லை. "அம்மா, ரிமிக்கு என்ன சொன்னனீங்கள்? ஏன் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள்?" என்றுதான் தொடங்கினாய். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்களைப் பாக்கவெண்டுதானே அவள் அங்கை வந்து நிண்டவள். அவளையும் கலைச்சுப்போட்டீங்களே" என்றாய். உலகத்தில் மாமியார்மார் செய்கிற கொடுமை எல்லாவற்றையும் நான் உன் மனைவிக்குச் செய்திருப்பேன் என்று ஒரு கணத்தில் முடிவுகட்டிவிட்டாய். சந்தேகப்படுகிற குணம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது, ஆகவே அதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாயே, "நான் அவளோடை கதைச்சுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ரிமி இப்போது பிரேமர்ஹாவனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை கப்பல் புறப்படுகிறது. வடக்கே பனிக்கடலுக்குப் போய், கடலின் அடியில் படிந்திருக்கும் மண்ணைக் குழாய் குழாயாக எடுத்து ஆராய்ச்சி செய்கிற கப்பல். படித்த காலம் முழுக்க அவள் அதில் ஏறத்தான் ஆசைப்பட்டாள் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். நீ அவளைக் கூப்பிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அம்மா பாவம், தனிய" என்று சொன்னால் போதும், அவள் இறங்கி வந்துவிடுவாள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். இதைத் தபாலில் போடமாட்டேன், தபாலையும் நான் நம்புவதில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் கைபேசிக்கு அனுப்புவேன். சனிக்கிழமைகளில் நீ அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை என்றால், எழுத்துக்கூட்டியாவது வாசி. கடைசிப் பக்கம் வரும்வரை அவளைக் கூப்பிடாதே.

நான் சந்தேகக்காரிதான். உன் அப்பா உயிரோடு இருந்த காலத்தில், "இவள் கோயிலிலை ஐயர் குடுக்கிற திருநீறையும் மணந்து பாத்துத்தான் பூசுவாள்" என்று ஆட்களுக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பார். ஜேர்மனி இரண்டாக இருந்த காலத்தில், கிழக்குப் பக்கத்து ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கிய அன்று, எங்களைக் கூட்டிவந்தவன், "இந்த ரயிலிலை ஏறுங்கோ, மேற்குப் பக்கம் போய் இறங்குங்கோ, ஒருத்தரும் மறிக்கமாட்டினம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போய்விட்டான். அவன் சொன்னது உண்மை, ஒருவரும் மறிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கதவு திறக்கும்போது நான் பட்ட பயம் உடம்பிலேயே தங்கிவிட்டது. டொக்டரைப் பார்க்க நேரம் குறித்த தெர்மின் இருந்தால் முதல் நாள் கூப்பிட்டு, அது உண்மையாகவே இருக்கிறதா என்று கேட்பேன். பால் பெட்டியில் திகதி இருந்தாலும் மணந்து பார்ப்பேன். நீயும் அப்பாவும் இதற்கெல்லாம் சிரித்தீர்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வயது போகப் போக என் சந்தேகம் எல்லாம் ஒரு பேச்சில் வந்து குவிந்துவிட்டது. "அவளாத்தான் விரும்பி விட்டவள்" என்ற பேச்சு. யாரைப் பற்றியாவது யாராவது அப்படிச் சொன்னால், அதனால் அந்த வீட்டில் யாருக்கு வசதியாகப் போயிற்று என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

உன் கலியாண நாளை நினைத்துப் பார். நாங்கள் ஹம்பேர்க்கில் தங்கியிருந்த விடுதிக்கு, உன்னை மண்டபத்துக்கு அழைத்துப்போக ரிமியின் மாமா வந்தார். அவளுடைய தாய் அனிமாவின் அண்ணன், லண்டனில் பெரிய டொக்டர், பட்டுச் சால்வையும் வாசனையுமாக வந்தவர். வங்காளிகளின் வழக்கம் ஒன்று இருக்கிறது, மாப்பிள்ளை புறப்படும்போது தாயிடம் ஒரு வசனம் சொல்லவேண்டும் என்று உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். அந்த வழக்கப்படி நான், "எங்கை போறாய், மகன்?" என்று கேட்டேன். நீ முதலில் அவர்களுடைய பாஷையில் தட்டுத் தடுமாறிச் சொன்னாய். பிறகு தமிழில், "அம்மா, உங்களுக்கு ஒரு வேலைக்காரியைக் கூட்டிக்கொண்டு வரப் போறன்" என்றாய். அறை முழுக்கச் சிரிப்பு. "இது சும்மா ஒரு சடங்கு, இந்தக் காலத்தில் ஒருவரும் இதை நினைத்துச் சொல்வதில்லை" என்று அந்த மாமா உன் மூலம் எனக்கு விளக்கம் சொன்னார். ஒருவரும் நினைக்காத ஒன்றை ஏன் எல்லாரும் விடாமல் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. ஆனால் நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறக்கக்கூடாது என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் உன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன்.

மண்டபத்தில் அடுத்த சந்தேகம். பெண்ணின் தாயைக் காணவில்லை. ரிமியைத் தூக்கிக்கொண்டு வந்து உன்னைச் சுற்றினார்கள், மாலை மாற்றினீர்கள், அக்கினி வளர்த்தார்கள், அனிமா எங்கும் இல்லை. எங்களைப் பிடிக்கவில்லை, தமிழன் வீட்டில் பெண் கொடுப்பது அவருக்குக் குறைவாகப் போய்விட்டது, அதனால்தான் முகம் காட்டவில்லை என்று நான் முடிவுசெய்தேன். நேரே கேட்டுவிடுவது என்று எழுந்து தேடிப்போனேன். குளிர் அங்கிகள் தொங்கவிடுகிற அறையில், அங்கிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில், பட்டுச்சேலையும் நகையுமாகத் தனியே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஜேர்மன் மொழிதான். அவருடையது வகுப்பில் படித்தது, என்னுடையது கழுவித் துடைத்த இடங்களில் பொறுக்கியது. அதை உனக்கு எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். "ஏன் இஞ்சை இருக்கிறீங்கள்? எங்களிலை என்ன குறை?" என்று கேட்டேன். அவர் திகைத்துப்போனார். "ஐயோ, குறை ஒண்டுமில்லை. பிள்ளையின்ரை கலியாணத்தைத் தாய் பாக்கக்கூடாது. பாத்தால் பிள்ளைக்குக் கூடாது. எங்கடை ஆக்களின்ரை வழக்கம் அது" என்றார். பெற்று வளர்த்தவள் அங்கிகளுக்குக் காவல் இருக்க, சாப்பிட வந்தவர்கள் எல்லாம் பார்க்கிற கலியாணம். எனக்கு மண்டபத்துக்குத் திரும்பிப்போக மனம் வரவில்லை. இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன் கலியாணத்தில் பாதியை நான் பார்க்கவில்லை, அது இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது.

அங்கேதான் அவர் தன் கதையைச் சொன்னார். கல்கத்தாவில் இளம்பெண்ணாக இருந்தபோது அனிமா நீச்சல்காரி. குளத்தில் அங்குமிங்கும் போய்வருகிற நீச்சல் இல்லை, கங்கையில் நாள் முழுக்க நீந்துகிற பெரிய போட்டிகளில் போட்டியிட்டவர். நாட்டுக்காக நீந்தப் போகிறவர்களைப் பயிற்றுகிற முகாமுக்கு அவரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். அண்ணன் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவரும் அவரைப் போகாதே என்று சொல்லவில்லையாம். "உனக்கு விருப்பமெண்டால் போ. அப்பாவை அம்மா எப்பிடியோ தனியப் பாப்பா" என்றுதான் சொன்னார்களாம். அவர் போகவில்லை. "நானாத்தான் விட்டனான்" என்று அங்கிகளுக்கு நடுவே இருந்து என்னிடம் சொன்னார். பிறகு கலியாணம், ஹம்பேர்க். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். அவர் ஒரு நாளும் இறங்கவில்லை. ரிமிக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது அவர்தான், அதுவும் உடுத்த உடுப்போடு கரையில் நின்று சத்தம் போட்டுச் சொல்லியே கற்றுக்கொடுத்தார். "ஏன் நீங்கள் இறங்கேல்லை?" என்று கேட்டேன். "அண்ணை எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்லிப்போட்டார். நான் இறங்கினால் கதை பழுதாப்போயிடும்" என்றார். சொல்லிவைத்தாற்போல அந்த நேரம் மண்டபத்தில் அந்த அண்ணனின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. தன் தங்கை தனக்காகத் தண்ணீரையே துறந்தவள் என்று அவர் சொல்வதை அனிமாவே எனக்கு ஜேர்மனில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். தங்கை கொடுத்ததை வாங்கி டொக்டரானவர்தான் அங்கே நின்று அவளுடைய தியாகத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். தியாகத்தைப் பற்றி யார் மேடையில் பேசுகிறார்கள் என்பதை நீயும் இனிமேல் கவனித்துப் பார்.

இந்தக் கதையில் எனக்கு என்ன இருக்கிறது என்று நீ கேட்கலாம். சின்ன வயதில் என்னோடு இரட்டைத்தட்டுப் பஸ்ஸில் வர உனக்கு வெட்கமாக இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? நான் மேல்தட்டுக்கு வரமாட்டேன், சாரதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இப்பிடியே பிரேக் பிடிக்கிறது? நிண்டு கொண்டிருக்கிற சனம் விழப்போகுது" என்று புறுபுறுப்பேன். ஹெர்மன் பிளாட்ஸ் சந்தியில் திரும்பும்போது, "கெதியா வெட்டிப்போட்டான், பின் சக்கரம் ஏறப்போகுது" என்பேன். நீ தெரியாத ஆள் போலத் தள்ளி நிற்பாய். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நான் பஸ் தரிப்பிடத்தில் பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே கூட்டித் துடைத்து முடித்த பிறகு சாரதியின் ஆசனத்தில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். அவ்வளவு பெரிய கண்ணாடியும், இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடிக்கிற அந்தச் சுக்கானும் எனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்தன. பெண்களையும் சாரதி வேலைக்குப் பழக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கண் பார்வை, கணக்கு, பாஷை என்று எல்லாச் சோதனையிலும் தேறினேன். அந்த இரட்டைத்தட்டு மஞ்சள் பஸ்ஸை நான் ஓட்டியிருப்பேன், மகன்.

அப்போது உனக்கு மூச்சிழுப்பு. அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கடையில் வேலை. சாரதி வேலை என்றால் ஒரு கிழமை விடியற்காலை, ஒரு கிழமை பின்னேரம் என்று மாறி மாறி வரும். அப்பா என்னைத் தடுக்கவில்லை. உன் அப்பா கெட்ட மனிதர் இல்லை, அவர் என்னை அடித்ததோ அதட்டியதோ இல்லை. "உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய். நான் மறிக்கமாட்டன். பிள்ளை தனிய இருப்பான் எண்டதை மட்டும் யோசிச்சுப் பார்" என்றார். நான் யோசித்தேன். யோசிப்பதற்கு அதில் என்ன இருந்தது? தன் வேலை நேரத்தை மாற்றிக் கேட்கலாமா என்று அவர் யோசித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. பிறகு கோயிலில் ஆட்களிடம், "இவள் பிள்ளைக்காக அதைத் தானாவே விட்டவள்" என்று பெருமையாகச் சொன்னார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. புகழ்ச்சி ஒரு பூட்டு, அதைப் பூட்டும்போது கழுத்தில் நகை ஏறுவது போலத்தான் இருக்கும். அதன்பிறகு எப்படி வாயைத் திறந்து, எனக்கு அந்தப் பஸ் இன்னமும் வேண்டும் என்று சொல்வது? உன்மேல் எனக்கு அதற்காக ஒரு துளி வருத்தமும் இல்லை. நீ அப்போது மூச்சுவிடப் பாடுபட்ட பிள்ளை. இப்போது நீ பிள்ளை இல்லை.

இனி இந்தக் கோடைக்கு வருகிறேன். எனக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து நொய்கெல்னில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் ஹம்பேர்க்கிலிருந்து வந்து நின்றீர்கள். கொஞ்ச நாளில் உன் லீவு முடிந்தது, நீ திரும்பிப்போனாய். ரிமி நின்றாள். கிழமை நாட்களில் அவள் என்னோடு, நீ வெள்ளி பின்னேரம் ரயிலில் வந்து ஞாயிறு போய்விடுவாய். உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கு அது பிடித்திருந்தது. காலையில் கதவைத் தட்டி, தான் படித்த நாலைந்து தமிழ்ச் சொல்லில், "அம்மா, தேத்தண்ணி?" என்பாள். என் காலுக்குச் சப்பாத்து மாட்டிவிடுவாள். கீழே தமிழ்க் கடைக்குப் போய் கத்தரிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்கப் பழகிவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருகிறாள், நான் இருந்து குடிக்கிறேன். ஆனால் என் குணம் சும்மா இருக்குமா? "உன்ரை கப்பல் எப்ப?" என்று கேட்டேன். "அது தள்ளிப்போயிட்டுது" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கப்பலை, அத்தனை ஆட்களோடு, யார் தள்ளிப்போட்டது? உன்னிடம் கேட்டேன். "ஓம் அம்மா, அது ஏதோ பிந்துதாம்" என்று நீயும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாய். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கேள்விக்குக் கண்ணைத் திருப்பினால் நான் தூங்குவேனா?

போன வியாழக்கிழமை அனிமா என் சுகம் விசாரிக்கக் கூப்பிட்டார். ரிமி கடைக்குப் போயிருந்தாள். பேச்சுவாக்கில் அவரே சொன்னார், அதுவும் மகிழ்ச்சியாக: "என்ரை மகள் என்னைப் போலவே. உங்களுக்காகக் கப்பலையே விட்டிட்டாள். தானாவே விட்டவள், ஒருத்தரும் கேக்கேல்லை." "அப்ப கப்பல் தள்ளிப்போகேல்லையா?" என்றேன். "இல்லையே, வாற கிழமை வெள்ளிக்கிழமை போகுது" என்றார். நான் அவரைச் சும்மா விடவில்லை. "கரையிலை நிண்டு சத்தம் போட்டுப் பழக்கினது இதுக்கோ? ஏன் நீங்கள் மறிக்கேல்லை?" என்று கேட்டேன். அவர் மெல்லிய குரலில், "நீங்கள்தான் கேட்டிருப்பீங்கள் எண்டு நான் நினைச்சன்" என்றார். நான் கேட்டிருப்பேன் என்று அவர் நினைத்தார், அவர் வளர்த்த வளர்ப்பு என்று நான் நினைத்தேன், நடுவில் பிள்ளையின் கப்பல் போகப் பார்த்தது. இன்னும் ஒன்று சொன்னார், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அவள் விட்டது சரியில்லை எண்டால், நான் விட்டதும் வீண் எண்டு ஆயிடும். அதுதான் புகழ்ந்தனான்."

ரிமி கடையால் வந்ததும் அவளைக் குசினி மேசையில் எனக்கு முன்னால் உட்காரவைத்தேன். சுற்றி வளைக்கவில்லை. "கப்பலை விடச் சொன்னது ஆர்?" என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை, அம்மா. நானாத்தான் விரும்பி விட்டனான்" என்றாள். அந்தப் பேச்சு என் குசினிக்குள்ளேயே வந்துவிட்டது. "அவனிட்டைக் கேட்டனியே? என்ன சொன்னவன்?" என்றேன். அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, உன்னை நல்லவனாகக் காட்டத்தான் சொன்னாள். நீ அவளிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். "உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய் எண்டு சொன்னார். தான் மறிக்கமாட்டன் எண்டவர். அம்மா தனிய இருப்பா எண்டதை மட்டும் யோசிச்சுப் பார் எண்டவர்." நீ அவளிடம் ஜேர்மனில் சொன்னதை அவள் என்னிடம் ஜேர்மனிலேயே சொன்னாள். என் காதுக்குள் அது உன் அப்பாவின் குரலில் தமிழில் கேட்டது. அந்தப் பேச்சு நடந்தபோது நீ பக்கத்து அறையில் நெஞ்சில் தைலம் பூசிப் படுத்திருந்த சின்னப் பிள்ளை. உனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. எங்கிருந்து எடுத்தாய், மகன்? நான் ஊட்டிய சோற்றோடு சேர்த்து ஊட்டிவிட்டேனா?

உன் வேலையிடத்தில் வீட்டிலிருந்து வேலைசெய்ய விடுவார்களா என்று ஒருதரம் கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். அது என் சந்தேகம், பிழை என்றால் சொல், மன்னிப்புக் கேட்கிறேன். என்மேல் உனக்கு அன்பு இருக்கிறது, அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்பை நீ உன் பையில் இருந்து எடுத்துத் தரவில்லை, ரிமியின் பையில் இருந்து எடுத்துத் தந்தாய். அவள் எனக்குப் போட்ட ஒவ்வொரு தேத்தண்ணியும் நீ போடவேண்டியது. தாயைப் பார்க்கிற நல்ல மகன் என்ற பெயர் உனக்குக் கோயிலில் கிடைத்திருக்கிறது, போன கிழமைகூட ஒரு அக்கா என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பத்து வருஷம் கழித்து நீ ஏதாவது ஒரு கலியாணத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "என்ரை மனிசி என்ரை அம்மாவுக்காகக் கடலையே விட்டவள்" என்று சொல்லுவாய். எல்லாரும் கைதட்டுவார்கள். ரிமி அங்கிகள் தொங்கும் அறையில் இருப்பாள். எனக்கு இதை நினைக்கவே ஏலாது.

ஆகையால் நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ஓம், நான்தான் அவளைப் போகச் சொன்னேன். முதலில் கெட்ட மாமியாராக நடித்துப் பார்த்தேன். தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது என்றேன், கத்தரிக்காய் முற்றல் என்றேன். அவள் சிரித்தாள், நம்பவில்லை. பிறகு நடிப்பை விட்டுவிட்டு, பஸ்ஸின் கதையைச் சொன்னேன். உனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். வெள்ளிக்கிழமை காலை என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கப்பல் வேலையின் தலைவியைக் கூப்பிடச் சொன்னேன், ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன், இல்லாவிட்டால் நான் நம்பமாட்டேன் அல்லவா. அவளுடைய இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லையாம். மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் அவள் முதலே முடித்திருந்ததால் உடனே வரட்டும் என்றார். அந்த அம்மா இவள் மனம் மாறும் என்று காத்துக்கொண்டே இருந்தார் என்பது என் சந்தேகம். இந்த முறை வேலை கூட என்று நீ வரவில்லை, ஆகவே சனிக்கிழமை ரிமியை ரயிலேற்ற நான் பொல்லை ஊன்றிக்கொண்டு யூ-பாண் நிலக்கீழ் ரயில் நிலையம் வரை போனேன். அவள் போகும்போது என் காலைத் தொட்டாள். எழும்பு, பெட்டியைப் பிடி என்றேன்.

நான் தனியே இல்லை. சனிக்கிழமை பின்னேரமே அனிமா ஒரு பெட்டியோடும் ஒரு போத்தல் கடுகெண்ணெயோடும் ஹம்பேர்க்கிலிருந்து வந்து இறங்கிவிட்டார். நான் கூப்பிடவில்லை, "நானாத்தான் விரும்பி வந்தனான்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது, விசாரித்தேன். "நான் அவளைக் கரையிலை நிண்டு பாத்தது காணும்" என்றார். வீடெல்லாம் கடுகெண்ணெய் மணக்கிறது, மீனுக்கு அவர் புளி போடமாட்டாராம், நாங்கள் ஏற்கெனவே இரண்டு தரம் சண்டை பிடித்துவிட்டோம். இன்று காலை எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற நீச்சல் தடாகத்துக்குப் போனார். நான் கரையில் வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கையை விட்டார். அந்தக் கிழவியைத் தாண்டிப் போக ஒரு பெடியனாலும் ஏலவில்லை. தலை ஈரத்தோடு வெளியே வந்ததும் எப்படி என்று கேட்டேன். "தண்ணி சூடு கூட. தடாகமும் கட்டை" என்று குறை சொன்னார். நான் பஸ் சாரதிகளைக் குறை சொல்வதும் இந்தக் குரலில்தான்.

கலியாண நாளில் நீ என்னிடம் சொன்ன வசனத்துக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சடங்கு என்று சிரித்துச் சொன்னது சில மாதத்திலேயே நடந்து, என் காலடியில் இருந்து சப்பாத்து மாட்டிவிட்டது. ஆகையால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ கூட்டிவந்த வேலைக்காரியை நான் வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். இனி அவளைக் கூப்பிடு, தாராளமாகக் கூப்பிடு, கப்பலில் சூடான உடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேள். எனக்கு ஒரு ஆள் தேவை என்பது உண்மைதான், நான் இன்னும் குனிந்து சப்பாத்துப் போட ஏலாது. சம்பந்தி அடுத்த கிழமை போய்விடுவார். சனிக்கிழமை முதல் ரயிலுக்கு வா. வரும்போது உன் வேலைக் கணினியையும் கொண்டு வா. தேத்தண்ணிக்குச் சீனி அரைக் கரண்டி.

அம்மா